கேளாமல் கிடைத்த விடை

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் சிற்றூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவர் சரித்திரத்தை ஆராய்வோர் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கவை. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட அந்தச் சாஸனம், அவனுடைய பாட்டனாகிய நரசிம்மவர்மனைப் புகழுமிடத்தில், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்க்களங்களில் புறங்காட்டிய சளுக்கிய வேந்தன் புலகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு ‘விஜயம்’ என்னும் சொல்லின் எழுத்துக்களை அவன் பொறித்தான் என்று கூறுகின்றது. பிற்காலத்துப் பல்லவ சாஸனங்களோ, வாதாபி என்னும் அசுரனை உண்டு செரித்த அகஸ்திய முனிவரோடு, வாதாபி என்னும் சளுக்கியத் தலைநகரை அழித்த அரசனை ஒப்பிட்டு மகிழ்கின்றன. அரசனுடைய கீர்த்தி இவ்வாறு செம்பிலும் கல்லிலும் விரிந்து கிடக்க, அவனுடைய யானைப் படையை வடபுலத்துக்கு நடத்திச் சென்ற தலைவரின் பெயரை இச்சாஸனங்களுள் ஒன்றேனும் சொல்லவில்லை. பரஞ்சோதியார் என்னும் அவரை நாம் அறிவதெல்லாம் திருமுறைகளின் வாயிலாகத்தான். அங்கும் அவர் சிறுத்தொண்டர் என்ற பெயரோடு, இலையில் சோறு படைப்பவராகவே நிற்கிறார்.

போரின் காரணத்தை அறிவதற்கு ஒரு தலைமுறை பின்னோக்கிச் செல்லவேண்டும். நரசிம்மவர்மனின் தந்தையாகிய மகேந்திரவர்மன், மலையைக் குடைந்து கோயில் கண்டவன். மத்தவிலாஸம் என்னும் பிரஹஸனத்தை இயற்றியவன். சித்திரகாரப்புலி என்று தன்னை அழைத்துக்கொண்டவன். கலைகளுக்காகவே பிறந்தவன் போன்ற அவ்வரசனுடைய நாட்டின்மேல்தான் இரண்டாம் புலகேசியின் சேனை வெள்ளமெனப் பாய்ந்தது. 634-ஆம் ஆண்டை ஒட்டி ஐஹொளேயில், மேகுடி என்று வழங்கும் சமணக் கோயிலின் சுவரில் ரவிகீர்த்தி என்னும் புலவர் எழுதிவைத்த பிரசஸ்தி, பல்லவர் தலைவன் சளுக்கியப் படையின் புழுதியால் ஒளி மழுங்கிக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறைந்தான் என்று சொல்லுகிறது. பகைவனுடைய புலவன் சொன்ன வார்த்தையாயினும், கோட்டைக் கதவுகளைச் சாத்திக்கொண்டு நகரமே அடங்கிக் கிடந்த அந்த நாட்களின் வேதனை அதில் தெரிகின்றது. தன் தந்தை கண்ட இந்த அவமானத்துக்குப் பதில் சொல்லும் கடமையோடுதான் நரசிம்மவர்மன் 630-ஆம் ஆண்டையொட்டிச் சிங்காதனம் ஏறினான்.

அக்காலத்துக் காஞ்சியையும் அதன் பகைப்புலத்தையும் ஒருங்கே கண்டவர் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். ஏறக்குறைய 640-இல் காஞ்சிக்கு வந்த அவர், இந்நகரத்து மக்கள் தைரியசாலிகள், வாய்மை தவறாதவர்கள், கல்வியில் விருப்பமுடையவர்கள் என்று எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விஹாரங்களும் எண்பது தேவாலயங்களும் இங்கு இருந்தனவென்றும் குறித்தார். புலகேசியின் நாட்டைப் பற்றி எழுதும்போது அவர் தரும் செய்தியோ உள்ளத்தை நடுக்குவது. அங்கே முன்னணி வீரர்கள் சில நூற்றுவர் போருக்கு முன் மது அருந்துவார்களாம். அவ்வளவோடு நில்லாமல், நூற்றுக்கணக்கான யானைகளுக்கும் மதுவைப் புகட்டி வெறியேற்றி, அவற்றைப் பகைவர்மேல் ஏவுவார்களாம். இத்தகைய படையை எதிர்த்து நிற்பதற்கு வாள்வலி ஒன்று மட்டும் போதாது. யானையின் இயல்பை அறிந்தவன் வேண்டும். அதன் மதத்தையும் அச்சத்தையும் நோயையும் புண்ணையும் அறிந்தவன் வேண்டும். 

அப்படிப்பட்டவர் பரஞ்சோதியார். சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் மரபில் தோன்றிய அவர் கற்ற கலைகளை, அடியார்களின் புராணத்தைப் பாடிய சேக்கிழார் அடுக்கிச் சொல்லும்போது, ஆயுள்வேதத்தை முதலில் வைத்து, அடுத்து வடமொழிக் கலைகளையும், படைக்கலப் பயிற்சியையும், யானையும் குதிரையும் நடத்தும் வித்தையையும் சொல்லுகிறார். உயிரைக் காக்கும் சாஸ்திரமும் உயிரைப் போக்கும் சாஸ்திரமும் ஒருவரிடத்திலேயே குடிகொண்டிருந்தன. இவ்விரண்டிலும் தேறிய பின்னர், எல்லாக் கலைகளும் சென்று முடியும் இடம் சிவபெருமான் திருவடியே என்ற தெளிவு அவருக்கு உண்டாயிற்று என்பது புராணத்தின் கூற்று. அந்தத் தெளிவு வந்த பிறகும் அவர் அரச சேவையிலேயே இருந்தார். குலத்தொழில் அது, உப்பிட்டவன் அரசன், நாடோ பகைவரால் மிதிபட்டுக் கிடந்தது. அடியார்க்கு உணவளித்து அவர்களுக்குப் பணிசெய்து வாழும் ஒரு வாழ்வை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அதைப்பற்றி அரசனிடத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர் யானைமேல் ஏறினார்.

காஞ்சியிலிருந்து வாதாபிக்குத் தரைவழி 400 மைலுக்குக் குறையாது. செம்மணற்கல் மலைகள் இருபுறமும் கோட்டையாக நிற்க, நடுவில் ஏரியும், மலைச்சரிவில் குடைவரைக் கோயில்களுமாக விளங்கிய அந்த நகரம் 642-ஐ ஒட்டி வீழ்ந்தது. நரசிம்மவர்மன் தன் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு, சிதைந்த எழுத்துக்களோடு, அங்கே ஒரு பாறையில் இன்றும் காணப்படுகிறது. அப்பழைய நகரம் தூளாகும்படி யானைகளைச் செலுத்தி, மணிகளையும் நிதிக்குவைகளையும் யானை குதிரைகளையும் பரஞ்சோதியார் அரசன்முன் கொண்டுவந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒரு கணபதி விக்கிரகமும் இருந்ததென்று மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் ஹம்ஸத்வனிக் கீர்த்தனம் வாதாபி கணபதி என்ற பெயரை நாடெங்கும் பரப்பிவிட்டது. சேக்கிழார் தரும் பட்டியலில் அவ்விக்கிரகம் இல்லை. ஆயினும், வென்ற ஊரிலிருந்து பொன்னைக் காட்டிலும் ஒரு தெய்வத்தையே அவர் விரும்பிச் சுமந்து வந்திருப்பார் என்று மக்கள் நம்ப விரும்பியது, அவரை அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதற்கு நல்ல சான்று.

இனி வரும் காட்சிதான் இந்த விருத்தாந்தத்தின் உயிர்நிலை. சேக்கிழார் அரசன் பெயரையோ அரண்மனை இருந்த ஊரையோ சொல்லவில்லை; வாதாபி என்ற ஒரு சொல்லைக் கொண்டு, அது நரசிம்மவர்மனின் காஞ்சி என்று சரித்திர ஆசிரியர்கள் கண்டார்கள். வெற்றியோடு வந்தவரின் யானைத்திறத்தை அரசன் வியந்து பாராட்டினான். அப்போது அமைச்சர்கள், சிவத்தொண்டின் வலிமை வாய்ந்தவராகையால் இவரை எதிர்ப்பார் உலகில் இல்லை என்று சொன்னார்கள். முகஸ்துதியாகச் சொல்லப்பட்ட இந்த வார்த்தை அரசனுடைய நெஞ்சில் வேறு விதமாகத் தைத்தது. அடியார் ஒருவரை இன்னாரென்று உணராமல் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே, கெட்டேன் என்று அவன் அஞ்சி நடுங்கி, இதனைப் பொறுத்தருள வேண்டும் என்று தன் ஊழியரையே வணங்கினான். விஜயகோலாஹலம் நிறைந்த சபையில், வென்ற அரசன் வெற்றியைத் தேடித்தந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு நின்ற இத்தகைய நிகழ்ச்சியை நம் இலக்கியத்தில் வேறெங்கும் எளிதில் காண முடியாது.

பரஞ்சோதியார் சொன்ன மறுமொழியை நிதானமாகக் கருதிப்பார்க்க வேண்டும். போர் தமக்கு வெறுப்பென்று அவர் சொல்லவில்லை. கைகளில் இரத்தக்கறை படிந்துவிட்டதென்று புலம்பவுமில்லை. அரசன் வணங்கியதும் அவன்முன் தாமும் வணங்கி, எனக்குரிய தொழிலை நான் செய்தேன், அதில் என்ன தீங்கு என்று மட்டும் கேட்டார். போரை விட்டு நீங்கியவர்களின் கதைகளில் நாம் எதிர்பார்க்கும் வைராக்கியமும் கண்ணீரும் இங்கே இல்லாமையால், பரஞ்சோதியார் விருப்பத்தோடுதான் போர் செய்தார் என்று கொள்வார் உளர். நான் அவ்வாறு கொள்ளமாட்டேன். தாம் வேண்டிய வாழ்வு வேறாக இருக்க, ஏற்ற கடமையை முகஞ்சுளியாமல் முடித்தவர், அதனை முடித்தபின் குறை சொல்லி அரசன் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அரசனுக்கும் அவ்வாறே தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில், உமது நிலைமையை நான் அறியாதபடி மறைத்துவைத்தீர் என்று அவன் அன்போடு குறைகூறி, இனி உமக்கு வேண்டியவாறே நடந்து திருத்தொண்டு செய்வீராக என்று நிறைந்த செல்வத்தையும் வாழ்வதற்கான மானியங்களையும் அளித்து அவருக்கு விடைகொடுத்தான். கேட்டுப் பெறாத விடை அது.

இந்த அரசனைப் புராணம் தன் நோக்கத்துக்காக இளகிய மனமுடையவனாகப் படைத்துக்கொண்டதோ என்று ஐயுறுவோர், இலங்கையின் வம்ச நூல் சொல்லும் ஒரு செய்தியைக் காணவேண்டும். நாட்டை இழந்து நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்திருந்த மானவர்மன் என்னும் இலங்கை அரசகுமாரனைப் பற்றி மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சம் விரித்துச் சொல்லுகிறது. வல்லபன் என்று அந்நூல் குறிக்கும் பகையரசன் படையெடுத்து வந்தபோது, என்னை நம்பி வந்த இவன் போரில் மாண்டால் என் உதவியெல்லாம் வீணாகுமே என்று எண்ணி, நரசிம்மன் அவனை நகரத்திலேயே விட்டுத் தான் மட்டும் களத்துக்குச் சென்றானாம். அரசன் மாண்டு நான் பிழைத்திருப்பது எவ்வாறு தகும் என்று மானவர்மன் தானும் யானையேறிப் பின்தொடர்ந்தானாம். சேக்கிழாருக்கு இந்நூலோடு சம்பந்தம் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. சமயம் வேறு, நாடு வேறு, நோக்கமும் வேறான இரு நூல்கள், ஒரே அரசன் தன்னைச் சார்ந்தவரைப் போர்க்களத்துக்கு அனுப்புவதை எண்ணிக் கூசினான் என்று சொல்லும்போது, அந்தக் கூச்சம் உண்மையிலேயே அவனிடம் இருந்ததென்று நம்புவதில் தவறில்லை.

தமிழ் இலக்கிய சரித்திரம் இந்தச் சேனாதிபதிக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. திருஞானசம்பந்தர் எக்காலத்தவர் என்ற கேள்விக்குக் கால்டுவெல் போன்ற பேரறிஞரும் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று விடை கூறிய காலம் ஒன்று இருந்தது. சுந்தரம் பிள்ளையவர்கள் அக்கொள்கையை மறுத்தெழுதினார்கள். கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் சிறுத்தொண்டரின் வாதாபியையும் நரசிம்மவர்மனின் வாதாபியையும் இணைத்துக் காட்டினார்கள். செங்காட்டங்குடிக்கு வந்து சிறுத்தொண்டரோடு அளவளாவிய சம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டென்று அதனால் உறுதிப்பட்டது. சம்பந்தர் காலம் உறுதிப்படவே அப்பர் காலமும் உறுதிப்பட்டது. சம்பந்தர் அவ்வூரில் பாடிய பதிகத்தில் சிறுத்தொண்டரின் பெயரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பாடுகிறார்; ஓரிடத்தில், போரில் பழகித் தழும்பேறிய அவருடைய தோளையும் சுட்டுகிறார். அடியாரிடத்தில் தம்மைச் சிறியராக்கிக்கொண்டு குனிந்து பணிசெய்தவரின் தோளில் பழைய தொழிலின் அடையாளம் மறையாமலிருந்ததைச் சம்பந்தர் கண்டிருக்கிறார்.

அவர் விரும்பிய வாழ்வு அவருக்குக் கிடைத்தது. திருவெண்காட்டு நங்கை என்னும் நற்குல மங்கையை மணந்து, நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்ணும் நியமத்தை மேற்கொண்டு, சீராளர் என்னும் புதல்வரைப் பெற்று, அவ்வூர்க் கணபதீச்சரத்து இறைவனை வழிபட்டு வாழ்ந்தார். அந்த வாழ்வுக்குள்ளே பைரவக் கோலத்தில் வந்த ஒருவர், ஒரு குடிக்கு ஒரே மகனாகிய பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனம் உவந்து சமைத்த கறிதான் தமக்கு வேண்டும் என்று கேட்டார். பள்ளிக்குச் சென்றிருந்த குழந்தையைத் தந்தை தோளில் தூக்கிவந்ததையும், தாய் மடியில் வைத்துக்கொண்டதையும், தலைக்கறி ஆகாதென்று தாதி தனியே எடுத்துவைத்ததையும், பிள்ளையை அழையும் என்று விருந்தினர் சொல்ல, அழைத்த குரலுக்குப் பள்ளியிலிருந்து வருபவன்போல் மகன் ஓடிவந்ததையும் சேக்கிழார் சொல்லும்போது கல்லும் கரையும்.

இந்த வரலாற்றைப் பக்தியின் எல்லை என்று பெரியோர் போற்றுவர். படிக்குந்தோறும் என் நெஞ்சு அதிலே சமாதானம் அடைவதில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குழந்தை மீண்டு வந்தது என்பதால் அரிந்த கத்தியின் கொடுமை குறைந்துவிடுவதில்லை. ஆனால் ஒன்று எண்ணத்தக்கது. வாதாபியில் யானைக்காலில் மிதிபட்டவர்களும் யாரோ ஒரு தாய் மடியில் வளர்ந்தவர்களே. அரசன் கட்டளைக்குக் கேள்வி கேளாமல் பிறர் மக்களைக் கொன்று பழகிய கை, அதே கேள்வியின்மையைத் தன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. விடைபெற்று வந்த பின்னும் போர்த்தொழில் ஒருவரை முற்றும் விட்டுப் போவதில்லை என்ற உண்மையைச் சேக்கிழார் கருதியே பாடினாரோ, அறியாமலே பாடினாரோ, அந்தக் கதை அதைச் சுமந்து நிற்கிறது. சித்திரைப் பரணியில் திருச்செங்காட்டங்குடியில் நடைபெறும் அமுதுபடையல் விழாவில் மக்கள் இன்றும் அக்கதையை நினைந்து கண்ணீர் பெருக்குகிறார்கள்.

ஆயுதத்தை வைத்துவிட்டு வேறொரு வாழ்வுக்குச் சென்றவர்களைக் காஞ்சி பலமுறை கண்டிருக்கிறது. ஐயடிகள் காடவர்கோன் என்னும் பல்லவ மன்னர், அரசாட்சியே துன்பம் என்று உணர்ந்து மகனுக்கு முடிசூட்டிவிட்டு, தலந்தோறும் சென்று தலத்துக்கொரு வெண்பாப் பாடினார். அவற்றில் 24 வெண்பாக்கள் பதினொராந் திருமுறையில் க்ஷேத்திரத் திருவெண்பா என்ற பெயரால் நின்று நிலவுகின்றன. நகரத்தின் நெசவாளரிடத்திலும் இத்தகைய நினைவு ஒன்று உண்டு. செங்குந்தர் எனப்படும் கைக்கோளர், சூரபன்மனோடு முருகன் செய்த போரில் படைத்தலைமை பூண்ட வீரவாகு முதலிய நவவீரரே தங்கள் முன்னோர் என்றும், போர் முடிந்தபின் அவர் வழியினர் தறியில் அமர்ந்தனர் என்றும் சொல்லுவர். நவவீரரைப் பாடும் கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றிய குமரகோட்டம் காஞ்சியின் நடுவிலேயே இருக்கிறது.

குலக்கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாதபடி, சோழர் கல்வெட்டுகளில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்ற பெயருடைய படைப்பிரிவுகள் வருகின்றன. நெய்தவரும் படையில் நின்றவரும் ஒரே வகுப்பினராயிருந்த காலம் அது. பின்னர் விஜயநகர ஆட்சியில், காஞ்சிக் கைக்கோளருக்கு உள்ள தண்டும் சங்குமாகிய விருதுகள் எங்களுக்கும் வேண்டும் என்று பிற ஊர் நெசவாளர் கேட்டுப் பெற்றார்கள். அதற்குள் அவர்களுடைய கௌரவம் தறியைச் சார்ந்ததாகிவிட்டது. பிள்ளையார்பாளையத்து வீடுகளில் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவரையும், கோர்வைப் புடவையின் கரைக்கென்று தனி நாடாவைப் பக்கத்திலிருந்து எறிந்து கொடுப்பவரையும் ஒருமுறை நின்று பார்த்தவருக்கு, உடலும் கரையும் ஓரிழையும் பிசகாமல் கோத்து வருவதற்கு எத்துணை ஒழுங்கும் பொறுமையும் வேண்டுமென்பது விளங்கும். அமைதியான வாழ்விலிருந்து போருக்கு மாறியவராகப் பரஞ்சோதியாரைக் கண்டவரும் உண்டு. கல்கி அவர்கள் சிவகாமியின் சபதம் என்னும் நாவலில், பரஞ்சோதியைக் கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு வந்து, விதிவசத்தால் வேலைக் கையிலெடுத்த இளைஞனாகச் சித்திரித்தார். அது கற்பனை, எனினும், படிக்க வந்தவனைப் போர் பறித்துக்கொண்டது என்ற அந்தக் கற்பனை சேக்கிழாரின் கருத்தோடு முரணாமல் அழகாகப் பொருந்துகிறது.

வாதாபி வீழ்ந்து ஒரு நூற்றாண்டு சென்றபின், பழிக்குப் பழி வாங்கும் நாளும் வந்தது. சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரை வென்று காஞ்சிக்குள் புகுந்தான். ஊரைக் கொளுத்த அவனுக்குக் காரணம் இருந்தது, அவன் கொளுத்தவில்லை. இராஜசிம்மேசுவரம் என்ற கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பியளித்தான் என்று அக்கோயிலின் தூணொன்றில் கன்னடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவன் வெற்றியின் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த ஆலயத்தில் காஞ்சிக் கோயிலின் சாயலை இன்றும் காணலாம். தமிழ்க் கோயிலில் கன்னட எழுத்தில் நிற்கும் அந்தத் தூணைக் காஞ்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தேடிச் சென்று பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கன்னட நாடு பரஞ்சோதியாருக்கும் ஒரு நன்மை செய்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூடலசங்கமத்து இறைவனைப் பாடிய பசவர், தம் வசனங்களில் சிரியாளர் என்னும் அடியாரைப் போற்றுகிறார். பால்குரிகி சோமநாதரின் பசவபுராணமும், ஸ்ரீநாதரின் ஹரவிலாஸமும் அவர் கதையைத் தெலுங்கில் விரிக்கின்றன. மராட்டிய நாட்டிலோ அவர் சிரியாள் என்னும் அரசராகவும், மகன் சிலயாவாகவும் பெயர் பெற்று நாட்டுப் பாடல்களில் வழங்குகின்றனர். அடியார் கேட்டது, தாய் தந்தையர் கொடுத்தது, பிள்ளை மீண்டு வந்தது எல்லாம் சிறுத்தொண்டர் கதையே. கூடலசங்கமம் வாதாபிக்கு அதிகத் தொலைவிலுள்ள ஊரன்று. ஆயினும், அந்த நாட்டுத் தலைநகரை யானைகளால் தூளாக்கியவர் இவர்தாம் என்ற செய்தி அக்கதைகளில் இல்லை. காஞ்சிமாநகரில் வாணிகம் செய்து, நாள்தோறும் அடியாரைத் தேடி அழைத்துவந்து அமுதூட்டிய செட்டியாராகவே கன்னடமும் தெலுங்கும் அவரை அறிந்திருக்கின்றன.